எதைக் கொண்டு ஒப்பிடுகிறோம்?

1816-இல் சென்னையில் ஏ. டி. கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணம் அச்சேறியது. அதன் முன்னுரையோடு ஒரு நீண்ட குறிப்பை எழுதிச் சேர்த்தவர், அப்போது சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தெலுங்கும் தமிழும் கன்னடமும் வடமொழியிலிருந்து கிளைத்தவை அல்ல, தமக்குள் உறவுகொண்ட தனிக் குடும்பம் என்பதைச் சான்றுகளை அடுக்கி முதலில் நிறுவியது அந்தக் குறிப்புதான். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவர அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஆயின.

எல்லிஸுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு செராம்பூரில் வில்லியம் கேரியும் ஒரு தெலுங்கு இலக்கணத்தை வெளியிட்டிருந்தார். தென்னாட்டு மொழிகள் பல வகையில் வேறுபட்டாலும் அவற்றுக்கும் வடநாட்டு மொழிகளுக்கும் பிறப்பிடம் ஒன்றே என்பது கேரியின் கருத்து. அவர் பல மொழிகளில் உழைத்தவர். போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறவர் அல்லர். தெலுங்கு இலக்கியத்தைத் திறந்தால் வடசொற்கள் வரிசையாக வருகின்றன. அவற்றைக் கொண்டு ஒப்பிட்டால் அந்த முடிவுதான் கிடைக்கும். எல்லிஸ் வேறொன்றைச் செய்தார். தெலுங்கு இலக்கணிகள் தம் மொழியின் சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம் என்று முன்பே பிரித்து வைத்திருந்தார்கள். வடமொழி வழி வந்த முதலிரண்டையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றின் வேர்களைக் கன்னட, தமிழ் வேர்களோடு அருகருகே வைத்துப் பார்த்தார் அவர். மொழிகள் அவையேதான். முடிவோ தலைகீழானது.

இரண்டு பொருள்கள் கையில் இருப்பதாலேயே ஒப்பிட முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்று வேண்டும். நம் அணியிலக்கணம் அதைப் பொதுத்தன்மை என்கிறது. பொதுத்தன்மை பொருள்களுக்குள் ஏற்கெனவே கிடக்கிறது, ஒப்பிடுபவர் அதை எடுத்துக் காட்டினால் போதும் என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். மொழியியலும் இயற்பியலும் பொருளியலும் நடந்து வந்த வழி வேறு விதமாகச் சொல்கிறது. பொதுத்தன்மையை யாரோ ஒருவர் தேர்ந்து, உழைத்து அமைக்க வேண்டியிருக்கிறது. அப்படி அமைத்தவர் அதற்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர்.

எல்லிஸின் வழியில் பின்னர் வந்தவர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்று பெயர். ஆங்கிலத்திலும் அதே ஒலி, அதே பொருள். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்ததன்று. இரு மொழிகளுக்கும் உறவும் இல்லை. மாறாக, தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு. பல் – ஹல்லு, புலி – ஹுலி, பாம்பு – ஹாவு. காதுக்கு இவை ‘டாக்’ அளவுக்கு நெருக்கமாக இல்லை. என்றாலும் உறவை நிறுவுபவை இவையே. தமிழில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் ஒழுங்காக வருகிறது. பழங்கன்னடத்தில் அங்கும் பகரமே இருந்தது என்பதைக் கல்வெட்டுகள் உறுதிசெய்கின்றன. ஆக, ஒப்பிலக்கணத்தின் பொதுத்தன்மை ஒலியின் ஒற்றுமை அன்று, வேற்றுமையின் ஒழுங்கு. மேலோட்டமாகப் பார்க்கும் கண்ணுக்கு இது அகப்படாது. ஒரு துறை முழுவதும் சேர்ந்து உருவாக்கிய பார்வை இது.

பொருள்களுக்கிடையே இயல்பாகவே ஒற்றுமை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அளவுக்கு மீறியே இருக்கிறது; சிக்கலே அதுதான். அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1970-இல் ஒற்றுமை என்ற கருத்தின் மீது ஏழு தடைகளை எழுப்பிய கட்டுரையில் விமான நிலையப் பெட்டிகளை எடுத்துக்காட்டுகிறார். நிலையத்தில் நிற்கும் பார்வையாளர் வடிவையும் நிறத்தையும் வைத்துப் பெட்டிகளை ஒப்பிடுவார். விமானிக்கு எடைதான் முக்கியம். பயணிக்கோ பெட்டி யாருடையது, எங்கே போகிறது என்பது. இவற்றுள் எந்த ஒற்றுமை உண்மையானது என்று பெட்டிகளைப் பார்த்துக் கேட்டுப் பயனில்லை.

சத்தோசி வத்தனபே 1969-இல் இதைக் கணிதமாகவே காட்டினார். கறுப்பு, கொம்பு என்ற இரண்டே பண்புகளை எடுத்துக்கொள்வோம். கொம்புள்ள கறுப்பு விலங்கு, கொம்பில்லாத கறுப்பு விலங்கு, கொம்புள்ள கறுப்பல்லாதது, இரண்டும் இல்லாதது என நான்கு வகைகள் அமையும். இவற்றைக் கொண்டு ‘கறுப்பு’, ‘கொம்புள்ளது அல்லது கறுப்பு’, ‘இரண்டில் ஒன்று மட்டும் உள்ளது’ என்றெல்லாம் தருக்கம் இடங்கொடுக்கும் எல்லா விவரணைகளையும் எழுதினால் மொத்தம் 16 வரும். எந்த இரண்டு வகைகளை எடுத்தாலும் இரண்டுக்கும் பொதுவாகப் பொருந்துபவை சரியாக 4. கொம்புள்ள கறுப்பு விலங்குக்கும் கொம்பில்லாத கறுப்பு விலங்குக்கும் 4; எதிலும் ஒட்டாதவையாகத் தோன்றும் இரண்டுக்கும் அதே 4. எல்லாப் பண்புகளுக்கும் சம எடை தந்தால் எல்லாமே எல்லாவற்றையும் ஒரே அளவில் ஒத்திருக்கும். இன்ன பண்பு இன்னதைவிட முக்கியம் என்று ஒருவர் முடிவுசெய்த பிறகே ஒன்று இன்னொன்றுக்கு நெருக்கமாகிறது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாம் இயலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உவமவியலைச் செய்யுள் அழகுக்கான இலக்கணமாகவே படித்து வந்திருக்கிறோம். ஒப்பிடுதல் எப்படி இயலுகிறது என்ற கேள்விக்கான விடையாகவும் அதைப் படிக்கலாம். உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் வழித் தோன்றும் என்று தொடங்குகிறார் ஆசிரியர். ஒன்று செய்வதை, விளைப்பதை, அதன் வடிவை, அதன் நிறத்தை வைத்து ஒப்பிடலாம். இவை பொதுத்தன்மையின் வகைகள். அதோடு அவர் நிற்கவில்லை. சிறப்பு, நலன், காதல், வலி என்ற நான்கையும் உவமையின் நிலைக்களம் என்று தனியே வகுத்து, தாழ்த்திச் சொல்வதை ஐந்தாவதாகச் சேர்க்கிறார். முதல் நான்கு எந்தப் பண்பால் ஒப்பு என்பதைச் சொல்கின்றன. நிலைக்களம், ஒப்பிடுபவர் எங்கே நின்றுகொண்டு ஒப்பிடுகிறார் என்பதைச் சொல்கிறது. குட்மனின் விமானியும் பயணியும் வேறுபடுவது இந்த இரண்டாவதில்தான். பண்பையும் நிலைக்களத்தையும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்ததை நான் பெரிய சிந்தனை என்றே மதிக்கிறேன். இன்றைய ஒப்பீட்டு ஆய்வுகள் பலவும் முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதிவிட்டு இரண்டாவதைத் தொடாமலே விடுகின்றன.

உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. ஒப்பீட்டுக்குத் திசை உண்டு என்பது அதன் உட்கிடை. வீரனைப் புலிக்கு ஒப்பிடுவதும் புலியை வீரனுக்கு ஒப்பிடுவதும் ஒன்றாகா. 1977-இல் உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கி இதைச் சோதனையில் கண்டார். வட கொரியா சீனாவைப் போன்றது என்று ஒப்புக்கொள்பவர்கள், சீனா வட கொரியாவைப் போன்றது என்று சொல்லத் தயங்கினார்கள். இரண்டில் எது அளவுகோலாக நிற்கிறது என்பது ஒப்பீடு தொடங்குமுன்பே தீர்மானமாகிவிடுகிறது.

இன்னொரு நூற்பா, பொதுத்தன்மையைச் சொல்லாமல் விட்ட உவமைகளைப் பற்றியது. சுட்டிக் கூறா உவமம் என்று அதற்குப் பெயர். பவளம் போன்ற வாய் என்றால் செம்மையைச் சொல்லவில்லை. உவமையையும் பொருளையும் எதிரெதிரே வைத்துக் கேட்பவரே அதைக் கண்டுகொள்ள வேண்டும். கவிதையில் இது இன்பம். நாடுகளை, பல்கலைக்கழகங்களை, மனிதர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் பொதுவாழ்வில் இதே மௌனம் ஆபத்தாகிறது.

ஒப்பிடும் அறிவு எங்கே நிகழ்கிறது என்பதிலும் இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்டன. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், அளவைவாதி எண்ணும் அளவைகளுள் உவமமும் ஒன்று. கவயம் என்ற காட்டு விலங்கு பசுவைப் போன்றது என்பதே அங்கும் எடுத்துக்காட்டு. நியாய மரபினருக்கு, காட்டில் அந்த விலங்கைக் கண்டவன் ‘கவயம் என்று சொன்னது இதைத்தான்’ என்று பெயரையும் பொருளையும் இணைப்பதே உவமத்தின் பயன். மீமாம்சகர்களோ, எதிரே நிற்கும் கவயத்தைக் கண்டவன், கண்முன் இல்லாத தன் வீட்டுப் பசு இதை ஒத்தது என்று அறிவதே உவமம் என்றார்கள். மீமாம்சகர்களின் விளக்கம் ஒரு நிபந்தனையை வெளிக்கொண்டு வருகிறது. ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு நினைவு வேண்டும். அந்த நினைவு இடையில் மாறிவிடக் கூடாது.

பொதுத்தன்மைக்கான கடுமையான நிபந்தனைகளை எழுதி வைத்தவர் அரிஸ்டாட்டில். ‘இயற்பியல்’ ஏழாம் நூலின் நான்காம் அத்தியாயத்தில் அவர் எழுப்பும் கேள்வி வியப்பானது. கிரேக்கர்கள் எழுதுகோலின் முனையையும் ஒரு வகை மதுவையும் உச்சச் சுரத்தையும் ஒரே சொல்லால் கூர்மையானவை என்பார்கள். எனில் இம்மூன்றில் எது அதிகக் கூர்மை? கேள்விக்கு விடை கிடையாது. சொல் ஒன்றாக இருந்தாலும் அது குறிக்கும் பண்பு ஒன்றன்று. ஆகவே முதல் நிபந்தனை, பண்பு இருபுறமும் ஒரே பொருளில் நிற்க வேண்டும். அடுத்து, அந்தப் பண்பைத் தாங்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும்: குதிரையையும் நாயையும் வெண்மையில் ஒப்பிடலாம், இரண்டிலும் வெண்மை உடலின் மேற்பரப்பில் இருக்கிறது. கடைசியாக, அந்தப் பண்புக்குள் உள்வகைகள் இருக்கக் கூடாது. எது அதிக வெண்மை என்று கேட்கலாம். எது அதிக ‘நிறம்’ என்று கேட்க முடியாது. அவர் இன்னும் ஒரு படி போகிறார். நீர் மிகுதி என்பதிலும் காற்று மிகுதி என்பதிலும் ‘மிகுதி’ ஒரே பொருளில்தான் நிற்கிறதா என்று ஐயுறுகிறார்.

இந்தக் கறார்த்தனம் அவரை ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் விட்டது. வட்டத்தில் செல்வதையும் நேர்கோட்டில் செல்வதையும் வேகத்தில் ஒப்பிடலாமா? ஒப்பிடலாம் என்றால் ஒரு வளைகோடு ஒரு நேர்கோட்டுக்குச் சமம் என்று ஏற்க வேண்டும். அது அவருக்கு ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. யூக்ளிடின் ஐந்தாம் நூலும் ஒரே இன அளவுகளுக்கிடையேதான் விகிதம் உண்டு என்று வகுத்தது. நீளத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் உண்டு, நீளத்துக்கும் காலத்துக்கும் கிடையாது. 1638-இல் கலிலியோ விழும் பொருள்களின் விதியை எழுதும்போதும் இந்த வேலிக்குள்ளேயே நின்றார். தூரத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதம், காலத்துக்கும் காலத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம் என்றே சொன்னார். தூரத்தைக் காலத்தால் வகுக்கவில்லை. இன்று பள்ளிச் சிறுவர்கள் கிலோமீட்டரை மணியால் வகுக்கிறார்கள். அரிஸ்டாட்டிலின் நிபந்தனைகள் பொய்த்ததால் இது கைகூடவில்லை. வெவ்வேறு இன அளவுகளை எண்களாக எடுத்து ஒரே சமன்பாட்டில் வைக்கும் புதிய தளத்தை அறிஞர்கள் கட்டியதால் கைகூடியது. ஒப்பிட முடியாதது என்று ஒரு காலம் சொன்னதை இன்னொரு காலம் ஒப்பிடுகிறது. இடையில் நடந்திருப்பது உழைப்பு.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். பொது அலகால் அளக்க முடியாதது எல்லாம் ஒப்பிட முடியாததும் ஆகிவிடாது. சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் மிச்சமின்றி அளக்கும் ஒரே அலகு கிடையாது என்று பண்டைக் கிரேக்கர்களே நிறுவிவிட்டார்கள். அதனால் மூலைவிட்டமே நீளமானது என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. தாமஸ் கூன் 1962-இல் இந்த வடிவியல் கருத்தை அறிவியல் கோட்பாடுகளுக்குப் பொருத்தினார். கோட்பாடுகளை ஒப்பிடவே முடியாது என்று தாம் சொல்லவில்லை என்பதைப் பின்னாளில் அவர் பலமுறை விளக்க வேண்டியிருந்தது. கனிமங்களின் கடினத்தன்மைக்கு 1812-இல் பிரீட்ரிக் மோஸ் அமைத்த வரிசையும் இதே உண்மையைக் காட்டும். எது எதைக் கீறும் என்பதை வைத்துப் பத்துக் கனிமங்களை அடுக்கினார். குருந்தம் 9, வைரம் 10. இவற்றுக்கிடையிலான தூரம் 8-க்கும் 9-க்கும் உள்ள தூரத்தைப் போல இல்லை; வேறு முறைகளில் அளந்தால் வைரம் குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினம். மோஸின் எண்கள் வரிசையை மட்டுமே தாங்கும். அவற்றைக் கூட்டுவதும் வகுப்பதும் பிழை.

வெப்பநிலையின் வரலாறு இன்னொரு நிபந்தனையைக் கற்றுத்தந்தது. உறையும் நீரில் 0, கொதிக்கும் நீரில் 100 என்று குறித்து இடைவெளியைச் சமமாகப் பிரித்தால் எந்தத் திரவமும் ஒரே விடையைத் தரும் என்று தோன்றும். பாதரச மானி 50 காட்டும் இடத்தில் ஆல்கஹால் மானி ஏறக்குறைய 44 காட்டுகிறது. நீரை நிரப்பிய மானியோ 26-ஐ ஒட்டி நிற்கிறது. எது சரி என்று பார்க்க உண்மையான வெப்பநிலை தெரிந்திருக்க வேண்டும். அதை அறிவதற்குத்தானே மானியே செய்தோம்? 1840-களில் பிரெஞ்சு அறிஞர் விக்டர் ரெக்னோ இந்தச் சுழலிலிருந்து வெளியே வந்த விதம் போற்றத்தக்கது. உண்மைக்கு நெருக்கமானது எது என்ற கேள்வியை அவர் தள்ளிவைத்தார். ஒரே வகை மானிகள் சிலவற்றைச் சிற்சில மாறுதல்களோடு செய்தால் அவை தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்தார். பாதரச மானிகள் கண்ணாடி மாறினால் தமக்குள் முரண்பட்டன. காற்று மானிகள், உள்ளே அடைத்த காற்றின் அடர்த்தி மாறியபோதும் ஒத்துப்போயின. இந்தச் சோதனைக்கு அவர் வைத்த பெயரே ஒப்பிடத்தகுமை. அளவுகோல் தன்னோடு தான் ஒத்துப்போக வேண்டும். யார் கையில் எடுத்தாலும் அதே விடையைத் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் அது பிறவற்றை ஒப்பிட உதவும்.

மனிதர்களுக்கு வரும்போது இவை எல்லாம் சேர்ந்து நம்மைச் சோதிக்கின்றன. ஒருவருடைய இன்பத்தையும் இன்னொருவருடைய இன்பத்தையும் ஒப்பிட அறிவியல் வழி எதுவும் இல்லை என்று 1932-இல் வாதிட்டார் லண்டன் பொருளியலாளர் லயனல் ராபின்ஸ். 1938-இல் எழுதிய கட்டுரையில், அந்த எண்ணம் தம்முள் வலுப்பெற்ற விதத்தை அவர் சொல்கிறார். ஹென்றி மெய்ன் எழுத்தில் படித்ததாக ஒரு கதை அவர் நினைவில் இருந்தது. இந்தியாவில் ஓர் அதிகாரி, எல்லோருடைய இன்பத்தையும் ஒரே எடையில் எண்ணும் பெந்தாமின் கொள்கையை ஒரு பிராமணருக்கு விளக்குகிறார். பிராமணர் ஏற்கவில்லை. அதோ நிற்கும் தீண்டாதவனைவிட இன்பத்தை உணரும் ஆற்றல் தமக்குப் பத்து மடங்கு உண்டு என்கிறார். ராபின்ஸுக்கு அந்தப் பிராமணர் மீது எந்த அனுதாபமும் இல்லை. ஆனாலும் மனிதர்கள் சமம் என்ற தம் எண்ணத்தையும் அவருடைய எண்ணத்தையும் ஆய்வுச் சான்றால் தீர்த்துவைக்க முடியாது என்று முடித்தார்.

ராபின்ஸின் நேர்மையை மதிக்கிறேன். அவர் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் நிறுவ முடியாத ஊகங்கள் என்று அவர் ஒரே தட்டில் வைத்தார். அவை ஒரே எடை கொண்டவை அல்ல. பத்து மடங்கு என்று சொல்பவர் ஒப்பீட்டை மறுக்கவில்லை. மோஸின் வரிசையைவிட மிக அதிகமான ஒன்றை, பூச்சியமும் அலகும் உள்ள முழு அளவுகோலைத் தம்மிடம் வைத்திருப்பதாகக் கோருகிறார். அந்த அளவுகோலை ரெக்னோவின் சோதனைக்கு உட்படுத்தினால் என்ன ஆகும்? அவர் கையில் அது ஒரு விடையைத் தரும், எதிரே நிற்பவர் கையில் வேறு விடையைத் தரும். அளக்கப்படுபவரே மானியைப் பிடித்திருக்கிறார், எதிரே நிற்பவருக்கு அதைத் தொடும் உரிமையும் இல்லை. தாழ்த்திச் சொல்வதை நிலைக்களமாகத் தொல்காப்பியர் குறித்தாரே, அந்த நிலைக்களம் பொதுத்தன்மையின் வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. சமம் என்பவரோ இவ்வளவு கோரவில்லை. வேறுபாட்டை நிறுவும் சான்று வரும்வரை யார் பக்கமும் கூடுதல் எடை வைக்க மறுக்கிறார், அவ்வளவே. நிறுவும் சுமை பத்து மடங்கு கேட்பவரைச் சேர்ந்தது.

அமர்த்தியா சென் 1970-இல் இந்த முட்டுக்கட்டையை வேறு வழியில் தளர்த்தினார். முழுமையாக ஒப்பிடலாம், ஒப்பிடவே முடியாது என்ற இரண்டுக்கும் நடுவே பரந்த வெளி இருக்கிறது என்றார். ரோம் எரிந்தபோது நீரோ அடைந்த இன்பத்தையும் நகர மக்கள் பட்ட துன்பத்தையும் துல்லியமாக நேருக்கு நேர் வைக்க நம்மிடம் அலகு இல்லை. ஆனால் அலகுகளை எவ்வளவு விரிந்த எல்லைக்குள் மாற்றிப் பார்த்தாலும் மொத்த நலன் குறைந்தது என்ற விடை மாறுவதில்லை. இத்தகைய பகுதி ஒப்பீடு பல முடிவுகளுக்குப் போதும். 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரையில் அவர் அடித்தளத்தையே மாற்றினார். எதில் சமம் என்று கேட்டார். இன்பத்தில் அல்ல, வருமானத்திலும் அல்ல, ஒருவர் என்னவாக இருக்கவும் என்ன செய்யவும் இயலுகிறது என்பதில் ஒப்பிடுவோம் என்றார். பழகிப்போன வறுமையில் புலம்பாமல் வாழும் பெண்ணின் மனநிறைவைக் கொண்டு அவள் நிலையை அளக்கும் அநீதியை இந்த மாற்றம் தடுக்கிறது.

அந்தச் சிந்தனையின் வழி வந்த மனித மேம்பாட்டுக் குறியீட்டை 1990-இல் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்டது. நாடுகளின் வாழ்வை ஒற்றை எண்ணில் அடக்குவது சென்னுக்கு முதலில் உவப்பாக இல்லை. ஹக் அவரை இணங்கவைத்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றின் கூட்டுச் சராசரியாகத் தொடங்கிய அந்தக் கணக்கு 2010-இல் பெருக்குச் சராசரிக்கு மாறியது. ஒரு நாடு மூன்றிலும் 0.7 பெற்றதாகவும் இன்னொன்று 0.9, 0.9, 0.3 பெற்றதாகவும் வைத்துக்கொள்வோம். பழைய முறையில் இரண்டுக்கும் 0.7. புதிய முறையில் முதல் நாடு அதே 0.7-இல் நிற்க, இரண்டாவது 0.624-க்கு இறங்கிவிடும். அந்த நாடுகளில் யாருடைய வாழ்விலும் எதுவும் மாறவில்லை. ஒரு துறையின் இல்லாமையை இன்னொரு துறையின் மிகுதி முழுவதும் ஈடுசெய்துவிடலாம் என்ற பழைய தீர்ப்பு போய், முழுவதும் ஈடாகாது என்ற புதிய தீர்ப்பு வந்திருக்கிறது. இரண்டாவதே நியாயம் என்று நான் நினைக்கிறேன். பள்ளிக்கே போகாத ஒரு தலைமுறையைத் தலைவீத வருமானத்தால் சரிக்கட்ட முடியாது. ஆனால் தரவரிசையை வெளியிடும் செய்திகளில் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை. அறிக்கையின் தொழில்நுட்பக் குறிப்புகள் வரை புரட்டிப் போகிறவருக்குத்தான் அது கிடைக்கிறது.